எந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்வது, எதை விடுவது: ஃபோட்டோகிராபி தொழிலை வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு ஒரே ஃபோட்டோகிராபரை ஐந்து வீட்டார் கேட்பார்கள். அதே ஃபோட்டோகிராபர் ஆடி முழுக்கப் போன் வருமா என்று காத்திருப்பார். மளிகைக் கடையில் இன்று விற்காத பருப்பை நாளை விற்கலாம். முகூர்த்தத் தேதியை அப்படி விற்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் இன்னொருவருக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பு குறைந்த ரேட்டுக்கு ஒப்புக்கொண்ட தேதி, பிறகு வரும் நல்ல ஆர்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு வேலை அடுத்த வேலையைக் கூட்டிவரும் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். மேடையில் வரிசையாக நிற்கவைத்து எடுத்த குரூப் படங்களையே காட்டிக்கொண்டிருந்தால் அதைக் கேட்பவர்கள்தான் வருவார்கள். குறைந்த ரேட்டுக்கு எடுத்த கல்யாணத்தில் சாப்பிட்ட விருந்தாளிகளும் அந்த ரேட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உங்களுக்குப் போன் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் கல்யாண ஃபோட்டோகிராபியை ஆரம்பித்து முதல் ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. இதில் வரும் தொகைகள் மாதிரிக் கணக்குக்கானவை. உங்கள் ஊர் நிலவரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தேதியை எண்ணுங்கள்

அடுத்த 12 மாதங்களுக்கான பஞ்சாங்கத்தையோ தினசரிக் காலண்டரையோ எடுத்து, முகூர்த்த நாட்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆடியும் மார்கழியும் காலி. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களில் வரும் நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு நிறத்திலும், மற்ற வளர்பிறை முகூர்த்தங்களை இன்னொரு நிறத்திலும், தேய்பிறை நாட்களை வேறு நிறத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. முகூர்த்தம் ஒரு நாள்தான் என்றாலும் வேலை இரண்டு நாளைத் தின்னும். சென்னைப் பக்கம் பெரும்பாலும் முந்தின நாள் மாலையே ரிசப்ஷன். வேறு பல ஊர்களில் தாலி கட்டிய அன்று மாலையோ, சில நாள் கழித்து மாப்பிள்ளை ஊரிலோ வைப்பார்கள். புதன், வியாழன் இரண்டும் முகூர்த்தம் என்றால், புதன் காலை தாலி கட்டும் கல்யாணத்தின் மாலை ரிசப்ஷனும் வியாழக்கிழமைக் கல்யாணத்தின் முந்தின நாள் ரிசப்ஷனும் ஒரே நேரத்தில் வரும். அடுத்தடுத்த முகூர்த்தங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஐம்பது நாள் என்று தெரிந்தது முப்பத்தைந்தாகக் குறையலாம். அந்த எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான கையிருப்பு.

அதை மூன்றாகப் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தங்கள் முதல் தரம். இவற்றை முழு ரேட்டுக்கு, நீங்கள் விரும்பும் வகைக் கல்யாணத்துக்கு மட்டும் கொடுங்கள். வார நாள் வளர்பிறை இரண்டாம் தரம். தேய்பிறை நாட்களில் ரேட்டை ஓரளவு தளர்த்தலாம்.

தேவாலயக் கல்யாணங்களும் நிக்காஹும் இந்தக் கணக்கில் அடங்காதவை. தவக்காலத்தில் தேவாலயங்களில் கல்யாணம் அரிது. ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும், மார்கழியின் பிற்பாதியில் நிறைய நடக்கும். நிக்காஹ் தேதிகள் ஹிஜ்ரி ஆண்டைச் சார்ந்தவை. ரமலான் மாதத்தில் நடப்பது அரிது. அந்த மாதம் நம் காலண்டரில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். மூன்று சமூகத்தார் கல்யாணங்களையும் நன்றாக எடுக்கத் தெரிந்தவருக்குக் காலி மாதங்கள் குறையும். ஆனால் சடங்கின் வரிசை தெரியாமல் போய் நிற்காதீர்கள். தேவாலயத்தில் பீடத்தருகே எதுவரை வரலாம், நிக்காஹில் பெண்கள் பகுதியை எடுக்கப் பெண் ஃபோட்டோகிராபர் வேண்டுமா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. இதற்குக் கீழே போகக் கூடாது என்ற தொகை

ஆர்டரைத் தேர்ந்தெடுப்பது ரசனையில் ஆரம்பிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கணக்குத் தெரியாமல் ரசனையை மட்டும் வைத்து ‘வேண்டாம்’ சொன்னவர்கள் ஒரு வருடத்தில் அடுத்தவர் யூனிட்டில் தினக்கூலிக்குப் போக வேண்டி வரும். அதனால் ரசனைக்கு முன்னால் கணக்கு.

வீடியோ இல்லாமல் படம் மட்டும், மாலை ரிசப்ஷனும் காலை முகூர்த்தமும் சேர்ந்த ஒரு கல்யாணத்துக்கு நேரடியாக ஆகும் செலவு:

- செகண்ட் ஷூட்டர் (உங்களோடு சேர்ந்து எடுக்கும் துணை ஃபோட்டோகிராபர்), இரண்டு நாள்: 10,000
- லைட் பிடிக்கும் உதவியாளர்: 3,000
- போக்குவரத்து, தங்கல்: 4,000
- 12x36 ஆல்பம் இரண்டு, பிரின்ட்டும் பைண்டிங்கும்: 18,000
- ஆல்பம் டிசைன் வெளியே கொடுத்தால்: 6,000
- ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ்: 2,000

ஆக 43,000 ரூபாய். அடுத்தது, கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் முழுக்க ஆகும் செலவு. கேமராவும் லென்ஸும் 6 லட்சம் என்றால் ஐந்து வருடத்தில் வகுத்து 1,20,000. வாடகையும் கரன்ட்டும் 1,20,000. சாஃப்ட்வேர், இன்டர்நெட், போன் 36,000. சர்வீஸ், இன்சூரன்ஸ் 24,000. விளம்பரம் 30,000. ஆடிட்டர் 20,000. மொத்தம் 3,50,000. அதோடு உங்கள் சம்பளம். மாதம் 40,000 என்று வைத்தால் வருடத்துக்கு 4,80,000. கடைசியில் மிஞ்சுவதுதான் சம்பளம் என்று இந்த வரியை எழுதாமல் விட்டால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும்.

இரண்டும் சேர்ந்து 8,30,000. வருடத்துக்கு 25 கல்யாணம் என்றால் ஒன்றின் தலையில் 33,200. அதோடு 43,000 சேர்த்தால் 76,200. இதுதான் அடித்தள ரேட். 60,000-க்கு ஒப்புக்கொண்டால் 16,200 ரூபாயை உங்கள் கையிலிருந்து அந்த வீட்டுக்கு மொய் வைத்ததாக அர்த்தம்.

‘அப்படியானால் எண்ணிக்கையைக் கூட்டலாமே’ என்று தோன்றும். 35 கல்யாணம் எடுத்தால் அடித்தள ரேட் சுமார் 66,700. பத்துக் கல்யாணம் கூட எடுத்தும் ஒன்றுக்கு 9,500 ரூபாய்தான் இறங்குகிறது. நேரத்தைப் பாருங்கள்: எடுப்பது 15 மணி, போக வர 2, காப்பி எடுத்து வைக்க 2, படம் தேர்ந்தெடுக்க 5, கலர் சரிசெய்ய 14, ஆல்பத் திருத்தங்கள் 8, போனும் சந்திப்பும் 4. ஒரு கல்யாணத்துக்கு 50 மணி. பத்துக் கல்யாணம் கூடினால் 500 மணி. அந்த 500 மணியும் தை, மாசி, வைகாசியில் வந்து குவியும். தாமதமாகும் ஆல்பங்களுக்கும் கோபமான போன்களுக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேமராவும் இதே கணக்கில்தான் தேயும். சோனி ஏ7 III-இன் ஷட்டர் 2 லட்சம் கிளிக் வரையிலும், கேனான் 5டி மார்க் IV-இன் ஷட்டர் 1.5 லட்சம் வரையிலும் சோதிக்கப்பட்டவை. கல்யாணத்துக்கு 4,000 கிளிக், வருடத்துக்கு 25 கல்யாணம் என்றால் ஒரே வருடத்தில் 1 லட்சம். ஐந்து வருடம் ஓடும் என்று கணக்குப் போட்ட கேமராவுக்கு மூன்றாம் வருடமே ஷட்டர் மாற்ற வேண்டி வரலாம். சர்வீஸ் தொகையை வெட்டாதீர்கள்.

வரியும் இருக்கிறது. சேவைத் தொழிலில் வருடத்துக்கான மொத்த விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஃபோட்டோகிராபிக்கு 18 சதவீதம். லாபத்தை வைத்து இந்த வரம்பு பார்க்கப்படுவதில்லை. ஆல்பத்துக்கும் செகண்ட் ஷூட்டருக்கும் போகும் பணமும் உங்கள் பில்லில் வந்தால் அதுவும் சேரும். 76,200 ரூபாயில் 26 கல்யாணம் வரை உள்ளே நிற்கும். 27-ஆவது கல்யாணத்தில் 20,57,400 ஆகிவிடும். கல்யாண வீட்டார் அந்த 18 சதவீதத்தை எங்கும் திரும்பப் பெற முடியாது. அவர்களுக்கு அது 13,716 ரூபாய் ரேட் ஏற்றம்தான். 26-உடன் நிறுத்துவதா, துணிந்து தாண்டி ரேட்டையும் சேர்த்து ஏற்றுவதா என்பதை சீசனுக்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். இரண்டு மூன்று கல்யாணத்துக்காக மட்டும் தாண்டுவதுதான் மோசமான நிலை.

3. உங்களுக்கு எது நன்றாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுவரை எடுத்ததில் உங்களுக்கே பிடித்த நூறு படங்களை லேபில் மேக்ஸி சைஸில் பிரின்ட் போடுங்கள். திரையில் பார்க்காதீர்கள், அங்கே எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். தரையில் பரப்பி ஐம்பதாகக் குறையுங்கள், மறுநாள் இருபத்தைந்தாகக் குறையுங்கள். மிஞ்சியவற்றில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த வெளிச்சம், எவ்வளவு தூரம், எந்த மாதிரி நேரம். சிலருக்கு மிஞ்சியவை எல்லாம் மணப்பெண் அறை ஜன்னலோரம், 35 எம்எம் லென்ஸில் எடுத்தவையாக இருக்கும். சிலருக்குக் கன்னிகாதானத்தில் அப்பாவின் முகம், பந்தியில் பாட்டி, 85 எம்எம் லென்ஸில் தூரத்திலிருந்து. வேறு சிலருக்குக் குடும்பக் குரூப்தான் அபாரமாக வந்திருக்கும். ஐம்பது பேரை நிற்கவைத்து ஒரு கண்கூட மூடாமல் எடுப்பது பெரிய திறமை. போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் மோகத்தில் அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

பிறகு ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘ஐந்நூறு பேருக்குள் நடக்கும், சடங்குகளை நிதானமாகச் செய்யும் கல்யாணங்கள்’ என்றோ, ‘மதுரைப் பக்கத்துப் பெரிய கூட்டுக் குடும்பக் கல்யாணங்கள்’ என்றோ. அந்த வாக்கியத்தில் ஊர், சடங்கு, கூட்டத்தின் அளவு இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ‘அழகான தருணங்கள்’ என்று எழுதினால் எதையும் வடிகட்ட முடியாது.

4. முதல் இரண்டு வருடம்: எதையெல்லாம் எடுக்கலாம்

ஆர்டரே இல்லாத நேரத்தில் தேர்ந்தெடுக்கிறேன் என்று உட்காரக் கூடாது. முதல் வருடம் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே பயிற்சிதான். காதுகுத்தில் குழந்தை அழும் அந்த நான்கு வினாடியைப் பிடிக்கப் பழகியவருக்குத் தாலி கட்டும் நேரம் பதறாது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு வேண்டும். நேரடிச் செலவுக்குக் கீழே எந்த வேலையும் வேண்டாம். எடுத்ததை எல்லாம் வெளியே காட்டவும் வேண்டாம்.

முதல் தர முகூர்த்தம் காலியாக இருந்தால் குறைந்த ரேட்டுக்கு யாருக்காவது கொடுப்பதைவிட, நல்ல ஃபோட்டோகிராபர் ஒருவரிடம் செகண்ட் ஷூட்டராகப் போங்கள். ஆல்பமும் எடிட்டும் உங்கள் தலையில் இல்லை. பெரிய மண்டபத்து லைட்டிங்கை அருகிலிருந்து பார்க்கலாம். எந்தப் படங்களை உங்கள் பெயரில் காட்டலாம் என்பதை மட்டும் போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். இதில்தான் நட்பு முறிகிறது.

அடுத்த சீசனின் தேதிகளில் பாதி, சீசன் தொடங்கும் முன்பே அட்வான்ஸோடு நிரம்பும்போது, அங்கிருந்து கண்டிப்பாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பிக்கலாம்.

இலவசமாக எடுத்தால் பெயர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எந்தப் படங்கள், எங்கே, யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் ஆடியில் யோசிக்கலாம்.

5. முதல் போனிலேயே கேட்க வேண்டியவை

‘ரேட் எவ்வளவு தம்பி?’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். உடனே தொகையைச் சொல்லாதீர்கள். மறைக்கவும் வேண்டாம். ‘சொல்றேங்க, ரெண்டு விவரம் மட்டும் கேட்டுக்கறேன்’ என்று தொடங்கலாம்.

தேதியும் முகூர்த்த நேரமும் முதலில். ரிசப்ஷன் முன்பா பின்பா, எந்த ஊரில். காலை 4.30–6 முகூர்த்தம் என்றால் மணப்பெண் மேக்கப் நள்ளிரவு தாண்டியதும் ஆரம்பித்துவிடும். அன்றிரவு உங்கள் ஆட்களுக்குத் தூக்கம் இல்லை. அதற்கான ஆள் செலவை ரேட்டில் சேருங்கள்.

அடுத்தது மண்டபம். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் (பெரிய எல்இடி திரை) வைப்பார்களா என்று கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண மண்டப விளக்குகளுக்கு ஷட்டர் 1/50 அல்லது 1/100-இல் கோடு விழாது. எல்இடி வாலுக்கு அந்தக் கணக்கும் சில சமயம் உதவாது, முந்தின நாளே போய்ச் சோதிக்க வேண்டும். சில மண்டபங்களில் வெளி ஃபோட்டோகிராபர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கோயில் கல்யாணம் என்றால் கேமராவுக்கு அனுமதி, கட்டணம், எந்தப் பிராகாரம் வரை என்பதை வீட்டார் அலுவலகத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

வீடியோ யார் எடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத் தவறவிட்டுத்தான் பல நல்ல கல்யாணங்கள் கெட்டுப்போகின்றன. வீட்டார் ‘டிரெடிஷனல்’ யூனிட் ஒன்றையும் கேண்டிட்டுக்கு உங்களையும் தனித்தனியாகப் பேசியிருப்பார்கள். அந்த யூனிட்டின் லைட் மணமக்கள் முகத்தில் நேராக விழும். மாங்கல்யதாரணத்தின்போது நான்கு பேர் முன்னால் மறைத்து நிற்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் அந்த நேரம் வேண்டும். முந்தின வாரமே அந்த யூனிட்காரரோடு பேசி, யார் எந்தப் பக்கம், லைட் எந்த உயரம் என்று முடிவு செய்ய வீட்டார் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். ‘அதெல்லாம் அன்னிக்குப் பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால், உங்கள் பலம் கேண்டிட் என்றால், அந்த ஆர்டரை விடுவது நல்லது.

எங்கள் படங்களில் எதைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள்? ‘ஒண்ணும் பாக்கல, நம்பர் குடுத்தாங்க’ என்றால் அது தவறில்லை. ஆனால் ஒரு முழுக் கல்யாணத்தின் படங்களை அனுப்பி, பார்த்த பிறகு பேசச் சொல்லுங்கள். பார்க்காமலேயே ரேட்டை மட்டும் திரும்பக் கேட்பவர், ஆல்பம் வரும்போது ‘இப்படி எதிர்பார்க்கல’ என்பார்.

முடிவு எடுப்பவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெண் உங்கள் கேண்டிட் படங்களை விரும்பியிருப்பார். மாமாவோ, மேடையில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு படம் ஆல்பத்தில் வர வேண்டும் என்பார். இரண்டும் நியாயமான ஆசை. இருவரையும் ஒரே அழைப்பில் வைத்து ஒருமுறை பேசுங்கள். இந்த அழைப்புக்கு அவர்கள் வராவிட்டால் ஆல்பத் தேர்வுக்கும் வர மாட்டார்கள்.

ட்ரோன் கேட்டால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பறக்கும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். சான்றிதழ் உள்ளவர் இல்லையென்றால் அந்தப் பகுதியை ஏற்காதீர்கள்.

பேச்சு முழுக்க உங்களுக்கு முன்னால் எடுத்தவரைத் திட்டுபவர்கள், நாளைக்கே முடிவு சொல் என்று அவசரப்படுத்தி அட்வான்ஸ் பற்றி வாயே திறக்காதவர்கள், ‘அடுத்து மூணு கல்யாணம் இருக்கு, இதுல குறைச்சுக்கோங்க’ என்பவர்கள் — இவர்களிடம் அடித்தள ரேட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட இறங்க வேண்டாம். அடுத்த கல்யாணத்தின் தள்ளுபடியை அடுத்த கல்யாணத்திலேயே கொடுக்கலாம்.

6. தேதியை யாருக்காக, எவ்வளவு நாள் நிறுத்திவைப்பது

கொட்டேஷன் அனுப்பிய பிறகு 3 நாள் தேதியைப் பிடித்துவைப்பதாகச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் மாலை நீங்களே ஒரு தகவல் அனுப்புங்கள். அட்வான்ஸ் வராவிட்டால் தேதி திறந்துவிடும். வாய்ச்சொல்லில் தேதியை வைத்துக்கொண்டு, நடுவில் வந்த இருவரைத் திருப்பியனுப்பிவிட்டு, கடைசியில் ‘மாப்பிள்ளை வீட்டுல வேற ஆள் பேசிட்டாங்க’ என்று கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பணத்தை 30–60–10 என்று பிரிப்பது பாதுகாப்பு. தேதி உறுதிக்கு 30 சதவீதம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு 60, ஆல்பம் கையில் கொடுக்கும்போது 10. பாதியை ஆல்பத்துக்குப் பிறகு என்று வைத்தால் லேபுக்கு உங்கள் பணத்தைத்தான் கட்டுவீர்கள்.

குடும்பத்தில் துக்கம் நேர்ந்து கல்யாணம் தள்ளிப்போவது உண்டு. அட்வான்ஸை ஒருமுறை புதிய தேதிக்கு மாற்றித் தருவோம், அந்தத் தேதி காலியாக இருந்தால், என்று முன்பே எழுதிவிடுங்கள். துக்க வீட்டில் பணம் பேச வேண்டிய நிலை இருவருக்கும் வராது.

ஒரே நாளில் இரண்டு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு ஆளைப் பிரித்து அனுப்புவது சீக்கிரம் சம்பாதிக்கும் வழியாகத் தெரியும். உங்கள் படத்தைப் பார்த்து உங்களுக்காகப் பணம் கட்டியவர் மண்டபத்தில் வேறு முகத்தைப் பார்க்கிறார். அனுப்பத்தான் வேண்டும் என்றால் யார் வருவார், அவர் எடுத்த படங்கள் எப்படி இருக்கும் என்பதைக் காட்டி, குறைந்த ரேட்டில் தனிப் பேக்கேஜாக விற்றுவிடுங்கள். மறைத்துச் செய்யாதீர்கள்.

7. ‘முடியாது’ என்பதை எப்படிச் சொல்வது

அன்றே சொல்லுங்கள். பதில் சொல்லாமல் இழுப்பதுதான் மனத்தாங்கலை உண்டாக்கும். காரணம் ஒரு வரி போதும், கூடவே மாற்று வழி ஒன்று. இப்படி எழுதலாம்:

‘வணக்கம் மேடம். உங்கள் கல்யாணத்துக்கு எங்களைக் கேட்டதில் மகிழ்ச்சி. நீங்கள் சொன்ன 50,000 ரூபாய்க்குள் இரண்டு நாள் வேலையையும் ஆல்பத்தையும் எங்களால் ஒழுங்காகச் செய்து தர முடியாது. முகூர்த்தம் மட்டும், ஆல்பம் இல்லாமல், தேர்ந்தெடுத்த 300 படங்கள் என்றால் அந்தத் தொகைக்குள் செய்யலாம். முழுவதும் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே நன்றாகச் செய்பவர் இருவர் எண் தருகிறேன்.’

ரேட்டைக் குறைக்காமல் வேலையைக் குறைப்பதை இதில் கவனியுங்கள். செகண்ட் ஷூட்டர், ஆல்பம், ரிசப்ஷன் மூன்றும் போனால் செலவும் நேரமும் உண்மையாகவே இறங்குகின்றன. முதல் தரத் தேதிக்கு மட்டும் இந்தச் சின்னப் பேக்கேஜைத் தர வேண்டாம்.

எண் கொடுப்பதற்கு ஐந்தாறு ஃபோட்டோகிராபர்கள் கொண்ட ஒரு வட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிலும் பாணியிலும் வேறுபட்டவர்களாக இருக்கட்டும். கமிஷன் கேட்காமல் அனுப்பினால் அவர்களிடமிருந்து உங்களுக்கான ஆர்டர்கள் தானாகத் திரும்பி வரும். உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் நம்பி அனுப்ப ஆளும் இருக்கும்.

கஷ்டமானது சொந்தக்காரர் கல்யாணம். முழு வேலையையும் பாதி ரேட்டுக்கு எடுத்தால் நீங்களும் விருந்தாளி இல்லை, அவர்களும் வாடிக்கையாளர் இல்லை. குறை இருந்தாலும் சொல்ல முடியாமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். ‘சித்தப்பா, தங்கச்சி கல்யாணத்துல நான் கேமராவோட மேடையில நின்னா வீட்டு வேலைய யார் பாக்கறது? நல்ல யூனிட் ஒண்ண நானே பேசித் தரேன், வேலையும் நானே மேற்பார்வை பாக்கறேன். பொண்ணு ரூம்ல ஒரு மணி நேரம் நான் எடுத்து, அத ஒரு சின்ன ஆல்பமா போட்டு என் சீரா வைக்கறேன்’ என்று சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது. சொன்னதைச் செய்தும் காட்ட வேண்டும்.

8. எழுத்தில் இருக்க வேண்டியவை

பலருக்கும் தெரியாத சட்டம் ஒன்று. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17(ஆ) பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே. நீங்கள் எடுத்த கல்யாணப் படத்தை உங்கள் பக்கத்தில் போடும் உரிமை தானாக வருவதில்லை. 57-ஆம் பிரிவு எடுத்தவர் என்று பெயர் கோரும் உரிமையையும், பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும்தான் காக்கிறது. எந்த வேலையைக் காட்டுகிறோமோ அதுவே அடுத்த வேலையைக் கூட்டிவரும் என்பதால், காட்டும் உரிமை இல்லாத கல்யாணத்தை அதே ரேட்டுக்கு எடுப்பது நஷ்டம்.

கொட்டேஷனிலேயே ஒரு பத்தி சேருங்கள்: தேர்ந்தெடுத்த படங்களை எங்கள் இணையப் பக்கத்திலும் மாதிரி ஆல்பத்திலும் பயன்படுத்தச் சம்மதம். குழந்தைகள் படத்துக்கும் மணப்பெண் அறைப் படத்துக்கும் தனியாகக் கேட்போம். வேண்டாம் என்பவர்களை மதியுங்கள், அதற்கு ஒரு தொகையைக் கூட்டிச் சொல்லுங்கள்.

இன்னொரு பத்தி ஆல்பத் தேர்வுக்கு. 45 நாளுக்குள் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் நாங்களே தேர்ந்தெடுத்து டிசைன் செய்வோம், திருத்தம் இரண்டு முறை. இது இல்லாமல் ஒரு வருடம், வளைகாப்பு வரைக்கும் காத்திருக்கும் ஆல்பங்கள் எத்தனையோ. படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 4,000 ரா ஃபைல் (கேமரா தரும் மூலக் கோப்பு), ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் 120 ஜிபி. இரண்டு டிஸ்க்கில், வேறு ஒரு இடத்தில் மூன்றாவது காப்பி. 25 கல்யாணத்துக்கு ஒரு காப்பியே 3 டிபி வந்துவிடும்.

9. காட்டுவதில் கஞ்சத்தனம்

முழுக் கல்யாணம் மூன்று, தனிப் படங்கள் முப்பது. அதற்கு மேல் தேவையில்லை. முழுக் கல்யாணம் அவசியம். தனிப் படங்கள் யாருக்கும் நன்றாக வரும், மதியம் ஒரு மணிக்குப் பந்தியிலும் இருட்டான மண்டபத்திலும் எப்படி எடுக்கிறீர்கள் என்பதை முழுக் கல்யாணம்தான் சொல்லும். மேலே மூன்றாம் படியில் எழுதிய வாக்கியத்தோடு ஒட்டாத படம் எவ்வளவு பாராட்டு வாங்கியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். மாடல்களை வைத்து எடுத்த படத்தைக் கல்யாணப் படங்களோடு கலக்காதீர்கள். அந்தத் தோலும் அந்த வெளிச்சமும் உண்மையான கல்யாணத்தில் வராது, வீட்டார் அதையே எதிர்பார்ப்பார்கள்.

10. காலி மாதங்கள்

கல்யாணம் இல்லாத மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்ததை எடுக்க ஆரம்பித்தால் தேர்வு செய்யும் பழக்கமே உடைந்துபோகும். காலி மாதத்தையும் முன்கூட்டியே விற்க வேண்டும். ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி விளம்பரப் படங்கள் ஆனியிலேயே எடுக்கப்படும். தீபாவளி ஐப்பசியில் என்பதால் புதுத்துணி, நகை, இனிப்புக் கடைப் படங்கள் ஆவணி–புரட்டாசியில். ஆக புரட்டாசிப் பஞ்சத்துக்கு மருந்து அந்த மாதத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடைக் கேட்லாக், காஞ்சிபுரத்தில் பட்டு, கோவையில் நகை என்று ஊருக்கு ஊர் வேலை உண்டு. அவற்றுக்குப் படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ரேட் போடாமல் அரை நாள், ஒரு நாள் என்று போடுங்கள். பொருளை இஸ்திரி போட்டு நிற்கவைக்கும் நேரம்தான் அதில் பெரிது.

மார்கழியில் ஒரு நாள் ஒதுக்கி, அந்த வருடத்து ஆர்டர்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: கையில் நின்ற பணம், ஆன மணி, முப்பது படங்களில் சேர்ந்தவை எத்தனை, அங்கிருந்து வந்த புது ஆர்டர் எத்தனை. நான்கிலும் கீழே நிற்கும் ஐந்து கல்யாணங்கள் எந்த வழியாக வந்தன என்று பாருங்கள். ஒரே மண்டப மேனேஜர், ஒரே பிளானர், ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால் தை முதல் அந்த வழியை மூடிவிடலாம். கொட்டேஷன் அனுப்பியவர்களில் பத்துக்கு ஏழு பேர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டிருந்தால் ரேட் குறைவு. புதிதாகக் கேட்பவர்களுக்கு 10 சதவீதம் ஏற்றுங்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய ரேட்தான். பிறகு புதுப் பஞ்சாங்கத்தை எடுத்து, மூன்று நிறப் பேனாவோடு தேதிகளை மறுபடி எண்ண ஆரம்பியுங்கள்.